பாகத்தைத் தேடும் முன் வண்டியைப் படியுங்கள்

வாசகர் கேள்வி: "என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக இருந்தவர். 1964-இல், தாயகம் திரும்பிய துரையிடமிருந்து 1959-ஆம் ஆண்டு மாடல் நான்கு கதவு மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். 1997-இல் தோட்டச் சாலையில் திரும்பும்போது இடது முன்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி நின்றுவிட்டது. அன்று கொட்டகைக்குள் தள்ளியது, இன்றுவரை அங்கேயே இருக்கிறது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் இப்போது அதைச் சீர்செய்ய விரும்புகிறேன். பிரேக் பெடல் அசையவில்லை. திரும்பும்போது வெளியே எழும் சிக்னல் கைகளில் வலப்பக்கத்ததைக் காணோம், இடப்பக்கத்தது வெளியே வர மறுக்கிறது. ஸ்பீடோமீட்டர் உடைந்திருக்கிறது, என்ஜினும் இறுகிவிட்டது. பாகங்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவர் 800 வெள்ளி முன்பணம் பெற்றுக்கொண்டு தொடர்பை அறுத்துவிட்டார். சென்னையிலிருந்து அம்பாசிடர் பாகங்களை வரவழைத்தால் பொருந்தும் என்கிறார் ஒரு நண்பர். ஜப்பானிய என்ஜினை வைத்துவிடச் சொல்கிறார் மற்றொருவர். இன்னொரு பழைய மைனரை முழுதாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் வந்த படங்களையும் பட்டறை மேசையில் வைத்து இரண்டு முறை பார்த்தேன். முன்பணம் பறிபோன வருத்தம் உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால், நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இந்த வண்டி பாகம் கிடைக்காத வண்டி அன்று. 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றைப் பராமரிப்பவர்கள் இன்றும் பல நாடுகளில் இருப்பதால், ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. உங்கள் பட்டியலில் உண்மையிலேயே தேடி அலைய வேண்டியவை சிக்னல் கையும் ஸ்பீடோமீட்டரும் மட்டுமே. மற்றவற்றுக்குத் தேவைப்படுவது சரியான எண். அந்த எண் உங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு காசு கூடச் செலவழிக்கும் முன், கைவிளக்கும் கம்பித் தூரிகையும் ஒரு பழைய கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். என்ஜின் அறைக்குள் தடுப்புச் சுவரில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள வண்டி எண்ணின் முன்னெழுத்துகள் எம்.ஏ.எஸ். என்றிருந்தால் அது நான்கு கதவு மைனர். டைனமோவுக்கு மேலே, சிலிண்டர் பிளாக்கில் ஆணியடித்த சிறு தகட்டில் என்ஜின் எண் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் அது 948 சி.சி., 10எம்.ஏ. என்று தொடங்கினால் 1962-க்குப் பின் வந்த 1098 சி.சி. முப்பது நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் ஓடிய வண்டியில் என்ஜின் மாறியிருப்பது மிகச் சாதாரணம். 'கெரான்' எனப்படும் பதிவு அட்டையில் 1959 என்று இருப்பதை மட்டும் நம்பிப் பாகம் வாங்கியவர்கள், அதைத் திருப்பி அனுப்ப வழியின்றி என் பட்டறையில் விட்டுச் சென்றதுண்டு. முன்சக்கர பிரேக் டிரம்மையும் அளந்துவிடுங்கள். உங்கள் ஆண்டு வண்டிக்கு அது 7 அங்குலமாக இருக்க வேண்டும். 8 அங்குலமாக இருந்தால், யாரோ பிற்கால வண்டியின் பிரேக்கைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். 7 அங்குலத்துக்குரிய பிரேக் ஷூ அதில் சேராது.

மின்பாகங்களில் பெரும்பாலானவை லூகாஸ் நிறுவனத்தினுடையவை. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் உடலைத் துடைத்துப் பார்த்தால் பாக எண்ணும், அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பதிந்திருப்பதைக் காண்பீர்கள். '7 58' என்றிருந்தால் 1958 ஜூலை. ஒரு பாகம் வண்டியோடு பிறந்ததா, பின்னால் வந்ததா என்பதை அந்த ஓரிரு இலக்கங்களே சொல்லிவிடும். இந்த எண்கள் அனைத்தையும் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பாகம் விற்பவரிடம் 'மோரிஸ் மைனர் டைனமோ இருக்கிறதா' என்று கேட்பவருக்கும், எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. சொல்லப்படும் விலையும் வேறு.

அடுத்து, 1997-இல் மடிந்த சக்கரம். உங்கள் தந்தையாரின் ஓட்டும் முறையில் தவறு எதுவும் இருந்திராது. இது மைனரின் நன்கறிந்த குறை. இவ்வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான ஸ்விவல் தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் மரையிடப்பட்டு, டிரனியன் எனப்படும் துண்டுகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. மேலும் கீழும் உள்ள நிப்பிள்கள் வழியாகத் தவறாமல் கிரீஸ் ஏற்றினால் பல்லாண்டு தாங்கும். ஏற்றாவிட்டால், செம்மண் சாலையின் தூசி உள்ளே புகுந்து அரத்தைப் போல் மரையை அரித்துவிடும். கீழ் டிரனியனின் மரை தேய்ந்து தீர்ந்த நாளில், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும் வேளையில், தண்டு கழன்று சக்கரம் மடிந்துவிடும். மெதுவான வேகத்தில் நடந்தது உங்கள் குடும்பத்தின் நல்ல நேரம்.

இந்தப் பாகத்தை இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றி வாங்கவே வேண்டாம். அங்கேயும் அதே தேய்மானம் காத்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஸ்விவல் தண்டும் டிரனியன்களும் புதிதாகவோ, மரை புதுப்பிக்கப்பட்டோ இங்கிலாந்திலுள்ள மைனர் கடைகளில் கிடைக்கின்றன. இடது வேறு, வலது வேறு என்பதால் பக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் கழன்ற வண்டியில் மறுபக்கமும் அதே ஆண்டுகளை, அதே தூசியில் ஓடியிருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட பாகங்களுக்குப் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும், அதற்கான வைப்புத்தொகையும் இருப்பதுண்டு. இரும்பை இங்கிருந்து கப்பலேற்றுவதற்கான செலவைக் கணக்கிட்டால், திருப்பித் தராமல் முழு விலை கொடுத்துவிடுவதே பல நேரங்களில் மலிவாக இருக்கும். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே சட்டத்தினுள் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்டனும் சிலிண்டரும் துருவால் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே, முன்சக்கரத்துக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி ஓடுவதால் அதன் போல்ட்டுகளை நேராக வெளியே இழுக்க முடியாது, அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றியபின், துளையைக் கடைந்து 7/8 அங்குல அளவுக்கு எஃகு உறை போடலாம். நல்ல லேத் பட்டறையில் அது முடியும். ஆனால் இந்தச் சிலிண்டர் புதிதாகவே கிடைக்கும்போது, உறை போடும் யோசனையை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

ரப்பர் பாகங்களைப் பொறுத்தவரை, 'பழைய சரக்கு, பெட்டி பிரிக்காதது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் விலகிவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு முத்திரை பிரியாத பெட்டியைக் கண்டு மகிழ்ந்து, வீல் சிலிண்டர் ரப்பர்களை வாங்கி ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் போட்டேன். பார்வைக்குக் குறையே இல்லை. மூன்றாம் வாரம் ஓர் இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. கைபிரேக் பிடித்ததால் யாருக்கும் அடிபடவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து பிரேக் ரப்பரும் பிரேக் ஹோஸும் எந்த ஆண்டில் செய்யப்பட்டவை என்று தெரியாமல் வாங்குவதில்லை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு, ரப்பர் சும்மா இருந்தாலே கெட்டுப்போகும் பொருள் என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று: பிரேக் ரப்பர்களை என்ஜின் எண்ணெயாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் அவை ஊதிப் பெருத்து உள்ளேயே இறுகிவிடும். பிரேக் எண்ணெயால் மட்டுமே துடையுங்கள்.

என்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது ஏ-சீரிஸ் என்ஜின். அதே குடும்பத்து என்ஜின்தான் ஆஸ்டின் ஏ35, ஸ்பிரைட், மினி ஆகியவற்றிலும் ஓடியது. பழைய மினி 2000-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்ததால் கேஸ்கட், வால்வு, பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி போன்றவற்றைத் தேடி வேர்வை சிந்த வேண்டியதில்லை. எஸ்.யு. கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் பர்லன் நிறுவனத்தால் இன்றும் செய்யப்படுகின்றன. இறுகிய என்ஜினை ஸ்டார்ட்டரைக் கொண்டு பலவந்தமாகச் சுழற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றாலும் பிரித்துச் சீர்செய்யக்கூடிய என்ஜின்தான் அது.

ஜப்பானிய என்ஜினை வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. என்ஜின் மாறினால் பரிசோதனைக்கு உட்படுத்தி, ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சலை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது, கூடுதல் வலுவைத் தாங்க இந்தச் சிறிய பிரேக்குகள் அமைக்கப்படவில்லை என்பதுதான். என்ஜினை மாற்றினால் கியர்பெட்டி, பிறகு அச்சு, பிறகு பிரேக் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் உங்கள் தந்தையாரின் வண்டியாக எஞ்சுவது மேல்தகடு மட்டுமே. பதிவைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெரான் இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால், வாரிசுரிமை ஆவணங்களைத் தயார் செய்து, வண்டியின் பதிவு நிலையை ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முதலில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பெருந்தொகையை இறக்குங்கள்.

அம்பாசிடர் யோசனை நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். தமிழர்களிடையே இது பரவலான நம்பிக்கையும் கூட. ஆனால் அம்பாசிடர் பிறந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து. அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. உருவத்திலும் அளவிலும் பெரியது. பெயரில் மோரிஸ் இருப்பதாலேயே பிஸ்டனும் டிரனியனும் பொருந்திவிடாது. பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் லூகாஸ் வகை ஸ்விட்ச், பல்பு தாங்கி போன்ற சில்லறைப் பொருள்களை எண் பார்த்து வாங்கி வரச் சொல்லலாம், அவ்வளவுதான். உடல் தகடுகளுக்கு இலங்கைத் தொடர்பு உள்ளவர்களையும் விசாரியுங்கள். 1990-களில் அங்கே மைனருக்கான தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

இப்போது சிக்னல் கைக்கு வருகிறேன். நடுத்தூணிலிருந்து எழும்பி நிற்கும் அந்த மஞ்சள் கைகளை மைனரில் 1961 வரைதான் வைத்தார்கள். பிறகு மினுக்கும் விளக்கு வந்துவிட்டது. உங்கள் வண்டியினுடையது லூகாஸ் எஸ்.எஃப்.80 வகை. இடப்பக்கத்ததை உடைந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சென்ற மாதம்தான் இதே போன்ற ஒன்று என் மேசைக்கு வந்தது. கழற்றிப் பார்த்தபோது கீல் முழுக்கக் குளவி கட்டிய மண். அதைப் பல்துலக்கும் தூரிகையால் தட்டி எடுத்து, கீலில் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு நொடி தொட்டதும் 'டக்' என்று கை எழுந்து நின்றது. விளக்கு மட்டும் எரியவில்லை. கையோடு சேர்ந்து மடிந்து மடிந்து, பல்புக்குப் போகும் மெல்லிய கம்பி கீலருகே அறுந்திருந்தது. மிருதுவான வேறொரு கம்பியைப் பற்றவைத்ததும் வேலை முடிந்தது. உங்களுடையதிலும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கையால் பிடித்து இழுக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் அறுபது ஆண்டைக் கடந்தது.

வலப்பக்கத்ததைத் தேடும்போது, சீர்செய்த இடப்பக்கத்ததைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசிப் படத்தைக் காட்டுவதைவிடப் பொருளையே முகப்பு மேசையில் வைத்தால், பழைய உதிரிபாகக் கடைக்காரருக்கு ஞாபகம் தானாக வரும். ஈப்போவில் இரண்டு தலைமுறையாக நடக்கும் கடைகளுக்கு, கூட்டமில்லாத பிற்பகலில் போய் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், பொறுமையாகப் பேசுங்கள். மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் அட்டைப் பெட்டிகளை இறக்கிப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களை விடாமல் ஓட்டி வருவதால், அங்குள்ள பட்டறைகளில் லூகாஸ் மின்பாகங்கள் இன்னும் புழங்குகின்றன. டைனமோ தரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், ஆர்.பி.106 என்ற எண்ணுள்ள கன்ட்ரோல் பாக்ஸ் போன்றவை அங்கே கண்ணில் படலாம். தோட்டங்களில் பழைய பங்களாக் கொட்டகைகள், ஆலைப் பட்டறைகள், ஓய்வுபெற்ற ஃபிட்டர்களின் வீடுகள் ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும், பழைய கார்களின் பாகங்களைத் தூக்கி எறிய மனமில்லாமல் சாக்கில் கட்டி வைத்தவர்களை நான் அறிவேன். இவை எதிலும் கிடைக்கவில்லை என்றால், 1976-இல் தொடங்கிய இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப்பில் சேருங்கள். உறுப்பினர்களுக்கிடையே இத்தகைய சின்னஞ்சிறு பொருள்கள் கைமாறுகின்றன. கைகளைச் சீர்செய்தாலும், இன்றைய போக்குவரத்தில் பின்னால் வருபவர் அவற்றைக் கவனிக்கமாட்டார். மினுக்கும் விளக்குகளையும் சேர்த்துப் பொருத்திவிடுங்கள். உடலில் புதிய துளை போடாமலே அதைச் செய்ய முடியும்.

மின்பாகம் எதை வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு இது நேர் எதிர். எலக்ட்ரானிக் இக்னிஷன் போன்றவற்றை, நேர்முனை எர்த் வண்டிக்கானது என்று எழுத்தில் உறுதி பெறாமல் வாங்கிப் பொருத்தினால் முதல் நாளே கருகிவிடும். மரைகளிலும் இதே கவனம் வேண்டும். வண்டியில் பெரும்பாலும் அங்குல அளவு யு.என்.எஃப். மரைகளும், கார்புரேட்டரிலும் மின்பாகங்களிலும் பி.ஏ. எனும் பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகுகளும் இருக்கின்றன. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி நுழைத்தால், அரிய பாகத்தின் மரை ஒரே நிமிடத்தில் போய்விடும்.

பணம் அனுப்பும் முறைக்கு உங்கள் அனுபவமே பாடமாகிவிட்டது. இனி, பாகத்தின் மீது உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளை வைத்து, எண் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பொருள் இல்லை என்று பொருள். பல பாகங்களுக்கு மொத்தமாக முன்பணம் தராமல், முதலில் ஒரே ஒரு சிறு பாகத்தை வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கடைகளில் வாங்கும்போது அஞ்சல் செலவையும் வரியையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல், இணையம் வழி வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தேவைகளைச் சேர்த்துவைத்து ஆண்டுக்கு இரண்டு மூன்று பொதிகளாக வரவழைப்பதே சிக்கனம்.

இன்னொரு மைனரை முழுதாக வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிகள், குரோம் பட்டைகள், இருக்கைச் சட்டங்கள், விளக்கு வளையங்கள் ஆகியவை முழுமையாக இருந்து, விலையும் நியாயமாக இருந்து, உங்களிடம் மழை படாத இடமும் இருந்தால் வாங்கலாம். என்ஜினுக்காகவோ தகட்டுக்காகவோ வாங்க வேண்டாம். நம் நாட்டு ஈரத்தில், உங்கள் வண்டி துருப்பிடித்த அதே இடங்களில்தான் அதுவும் துருப்பிடித்திருக்கும். அதன் பதிவு ஆவணமும் விற்பவரின் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். எப்படியானாலும், மாற்றுப் பாகம் வந்து, பொருந்தி, வண்டி ஓடும் வரை பழைய பாகம் எதையும் எறியாதீர்கள். ஈயச்சுரங்கக் காலத்திலிருந்தே வார்ப்பிலும் கடைசலிலும் கைதேர்ந்த பட்டறைகள் ஈப்போ வட்டாரத்தில் உள்ளன. எங்குமே கிடைக்காத ஒரு புஷ்ஷையோ கைப்பிடியையோ அவர்கள் செய்து தருவார்கள். ஆனால் அளவெடுக்க அவர்களுக்கு ஒரு மாதிரி வேண்டும். உடைந்து இரண்டாகக் கிடந்தாலும் அந்த மாதிரி உங்கள் பாகம்தான்.

ஸ்பீடோமீட்டரைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த அந்த முகப்பின் அடியில், கண்ணாடியைத் துடைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு தெரியும். அதன் இறுதியில் தனியாக நிற்கும் எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அது ஒத்துப்போகாத ஸ்பீடோமீட்டர் பார்வைக்கு அச்சாக ஒன்றுபோல் இருந்தாலும் தவறான வேகத்தையே காட்டும். என் அலமாரியில் மைனருடையவை இரண்டு இருக்கின்றன. உங்கள் முகப்பிலுள்ள எண்ணை எழுதி அனுப்புங்கள். ஒத்திருந்தால் அதில் ஒன்றை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்.